கேப்டனுக்கு வாங்கிய ஹெட்செட்

சுகமாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு பொருளை நல்லது என்று நம்பிவிடும் ஆட்கள் உண்டு. செருப்போ நாற்காலியோ, உடம்புக்கு இதமாக இருந்தால் போதும், அவர்களுக்கு வேறு கேள்வி கிடையாது. நான் அந்த வகை. இப்படிப்பட்டவனைக் கடைக்கு அனுப்பினால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, வாங்கி வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். என்னைக் கடைக்கும் அனுப்பி, வாங்கி வந்ததைத் தலையிலும் மாட்டி, விமானத்திலும் ஏற்றினார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் கலசப்பாக்கத்துக்காரன். நிலவியல் படித்துவிட்டு ஒரு தனியார் அளவை நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஜவ்வாது மலைக்கு அடியில் இரும்புத் தாது இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. வாலில் காந்தக் கருவி பொருத்திய ஒரு சின்ன விமானம், ஏர் உழுவது போல, மலைக்கு மேலே தாழ்வாக வரிவரியாகப் பறக்க வேண்டும். கருவி தன் பாட்டுக்கு அளந்துகொள்ளும். விமானத்தில் இரண்டே பேர். இடது பக்கம் விமானி, வலது பக்கம் வழிகாட்டியாக நான். மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஜன்னலில் சாய்ந்து கீழே பார்த்து, "இடது பக்கம் கொஞ்சம்", "வலது பக்கம் கொஞ்சம்" என்று சொல்வது என் வேலை. சரியான கோட்டில் போகும்போது பேச வேண்டியதில்லை. (என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.)

விமானி கேப்டன் கரீம். வாணியம்பாடிக்காரர். ஐம்பது வயதைத் தொட்டவர், கண்ணாடி போட்டவர். பல வருடங்கள் பயிருக்கு மருந்து அடிக்கும் விமானம் ஓட்டியவர். அந்த விமானங்களின் இரைச்சலைப் பற்றி அவரே சொல்வார்: "ரைஸ் மில்லுக்குள்ள படுத்துத் தூங்கற மாதிரி." வேலூருக்கு வெளியே பழைய ஓடுதளம் ஒன்றில் எங்கள் முகாம். முதல் நாள் சோதனைப் பறப்பிலேயே எங்கள் பிரச்சினை தெரிந்துவிட்டது. நான் "இடது" என்றால் அவர் "எது?" என்றார். நான் "வலது" என்று கத்தினால் அவர் சும்மா தலையாட்டினார். நிறுவனம் கொடுத்திருந்த ஹெட்செட் தேய்ந்துபோன பழைய சாமான். இஞ்சின் சத்தம் அதற்குள் தாராளமாகப் புழங்கிக்கொண்டிருந்தது.

இறங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏழுமலை, இந்தச் சனியனை வெச்சுக்கினு நீ பேசறது ஒண்ணும் கேக்கல. மெட்ராஸ் போய் நல்லதாப் பார்த்து எடுத்தாப்பா. சத்தம் உள்ள வரக்கூடாது. நாலு மணி நேரம் மாட்டினாலும் தலை நோவக்கூடாது. நான் கண்ணாடி போட்டவன், அதையும் யோசிச்சுக்க."

"சரி சார்."

"சீக்கிரம் வா. எனக்கு இது ரொம்ப முக்கியம்" என்று சொல்லி இடது காதை ஒருமுறை தேய்த்துக்கொண்டார். ஏதோ எறும்பு கடித்திருக்கும் என்று நினைத்தேன்.

சென்னையில் விமானச் சாமான்கள் விற்கும் ஒருவர், மூன்று வகை ஹெட்செட்டுகளை வகைக்கு இரண்டாகக் கொடுத்தார். போட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாததைத் திருப்பி அனுப்பலாம் என்றார். கடையில் போட்டுப் பார்த்தேன். மூன்றும் பிரமாதமாக இருந்தன. கடையில் ஏது இரைச்சல்? அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த யோசனைக்காக அன்று முழுவதும் நான் என்னையே மெச்சிக்கொண்டிருந்தேன். வேலூர் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில், இஞ்சின் பெட்டியை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்து மூன்றையும் சோதிப்பது!

முதலாவதை மாட்டிக்கொண்டதும் கண்டக்டர் வந்து என்னை இரண்டு பக்கமும் பார்த்தார். "இன்னா சார், காதுல கொட்டாங்குச்சி?" என்று அவர் கேட்டதை உதட்டசைவில்தான் புரிந்துகொண்டேன். அத்தனை அருமையாகச் சத்தத்தை அடைத்தது அது. ஆனால் எலுமிச்சம்பழம் பிழிவது போலத் தலையைப் பிழிந்தது. கேப்டனின் நிலையை அறிவதற்காகப் பக்கத்து சீட்டுக்காரரிடம் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். (அவர் நல்ல மனிதர். கேள்வி கேட்காமல் கொடுத்தார்.) ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் கண்ணாடியின் காம்பு காதுக்கு மேலே ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டது. ஹெட்செட்டை மட்டும் கழற்றி வைத்தேன்.

இரண்டாவது பஞ்சு வைத்தது. மாட்டியதே தெரியவில்லை. பஸ் இஞ்சினுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, நேராக உள்ளே வந்து உட்கார்ந்தது.

மூன்றாவதை எப்படிச் சொல்வது? கிண்ணத்தின் விளிம்பில் ஏதோ திரவம் நிரப்பிய மெத்தை. கண்ணாடிக் காம்பின் மேலும் தானாகவே வளைந்து படிந்தது. இறுக்கம் இல்லை, ஆனால் இடுக்கும் இல்லை. பஸ் இஞ்சின், எங்கோ இரண்டு தெரு தள்ளி மாவு மெஷின் ஓடுவது போல ஆகிவிட்டது. வெளியே வயல்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. யாரோ என் தோளை உலுக்கினார்கள்.

"சார், வேலூர் வந்து பஸ்ஸே காலியாய்டுச்சு. நான் டீ குடிச்சிட்டு வந்துட்டேன், நீங்க இன்னும் தூங்கறீங்க."

பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊரில் இறங்கினாரோ, என் முகத்திலிருந்து தன் கண்ணாடியைத் தானே கழற்றிக்கொண்டு போயிருந்தார். கொஞ்சமாவது மூளை உள்ளவன் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பான். நானோ, இஞ்சின் பக்கத்திலேயே தூக்கம் வருகிறதென்றால் இதைவிட நல்ல ஹெட்செட் இருக்க முடியாது என்று தீர்மானித்து, மூன்றாவதை கேப்டனிடம் நீட்டினேன்.

மறுநாள் இஞ்சினை ஓடவிட்டு இருவரும் மாட்டிப் பார்த்தோம். வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மைக்கில் நான் மெல்ல, "கேக்குதா சார்?" என்றேன். கேப்டன் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அடேயப்பா! நீ மூச்சு விடறதுகூடக் கேக்குதுப்பா."

இரண்டு கையும் வேலையாக இருக்கும் என்பதால் மைக்குகள் எப்போதும் திறந்தே இருக்கும்படி அமைத்தார்கள். எல்லாம் ஏற்பாடாகிவிட்டது.

இதற்கு நடுவில் நான் இன்னொரு ஏற்பாடும் செய்துவிட்டேன். என் அக்கா சாந்தியை மலைமேல் கட்டிக்கொடுத்திருந்தது. மாமா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். வரைபடத்தில் பார்த்தால், எங்கள் முதல் நாள் கோடுகளில் ஒன்று அக்காவின் ஊருக்கு நேர் மேலே போனது. போளூரில் பஸ் பிடித்து மலையேறிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"மேலேர்ந்து பாத்தா எங்க வூடு தெரியுமாடா?" என்றாள் அக்கா.

"ஏன் தெரியாது? வெள்ளையா ஏதாச்சும் விரிச்சு வைக்கா. கேப்டன்கிட்ட சொல்லி றெக்கையை ஆட்டச் சொல்றேன்."

"நெசமாவா மாப்ள?" என்றார் மாமா. "அப்ப பள்ளிக்கூடத்துப் பசங்களையும் கூட்டினு வந்து நிக்க வெக்கறேன்."

பக்கத்து வீட்டு வெள்ளையன், வயதான விவசாயி, வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சாமை அறுத்த கொல்லை காலியாத்தான் கீது. அங்கியே நிக்கலாம்" என்று இடமும் கொடுத்துவிட்டார். கேப்டனிடம் நான் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. விமானம் மேலே போனதும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பறக்கும் நாளும் வந்தது. தை மாதத்து வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. சோதனைப் பறப்பில் வாந்தி எடுத்து அவமானப்பட்டிருந்ததால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வைத்திருந்தேன். ஒன்று போதும் என்றார் கடைக்காரர். ஒன்றுக்கே வாந்தி நிற்கும் என்றால் இரண்டுக்கு இன்னும் நன்றாக நிற்கும் என்று இரண்டு போட்டுக்கொண்டேன். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. தலையில் அந்த மெத்தை. அமிர்திக் காட்டைத் தாண்டி மலை விளிம்பில் ஏறியது எனக்கு நினைவிருக்கிறது. முதல் கோட்டில் "இடது பக்கம் கொஞ்சம்" என்று சொன்னதும் நினைவிருக்கிறது. சூரியன் என் பக்கத்து ஜன்னலில் இதமாக அடித்தது. அதன் பிறகு நடந்ததைக் கேப்டனும் அக்காவும் மாமாவும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாவது கோட்டில் போய்க்கொண்டிருந்தபோது கேப்டனின் காதில் ஒரு சத்தம் விழுந்திருக்கிறது. கர்ர்ர்... நின்று, மறுபடியும் கர்ர்ர்... கடைசியில் ஒரு சின்ன விசில். இஞ்சின்!

பழைய ஹெட்செட்டில் இஞ்சினின் முழு இரைச்சலோடு வாழ்ந்து பழகியவர் அவர். புதியதில் அந்த இரைச்சல் அடங்கியிருந்தது. அடங்கிய இடத்தில் இப்படி ஒரு சத்தம் மட்டும் தனியாகக் கேட்டால் மனிதர் என்ன நினைப்பார்? ஏதோ உள்ளே உடைந்துகொண்டிருக்கிறது, முன்பெல்லாம் இரைச்சலில் தெரியாமல் இருந்திருக்கிறது என்று நினைத்தார். வேகத்தைக் குறைத்தார். சத்தம் குறையவில்லை. கூட்டினார். மாறவில்லை. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தார், அது ஒழுங்காக நின்றது. சத்தமோ நிற்கவில்லை. கீழே எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை, பாறை, காடு.

"ஏழுமலை, இஞ்சின்ல ஒரு சத்தம் கேக்குதா உனக்கு?"

அந்த நேரம் பார்த்துக் காற்றில் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. ஜன்னலில் சாய்ந்திருந்த என் தலை முன்னும் பின்னும் ஆடியது. கறுப்புக் கண்ணாடியோடு கீழே பார்த்துக்கொண்டே நான் ஆமாம் என்று தலையாட்டுவதாக அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் கேட்கிறது என்றால் சந்தேகமே இல்லை. முகாமுக்கு வயர்லெஸ்ஸில் சொன்னார்: "இஞ்சின்ல கோளாறு. மலைமேலதான் எறங்க இடம் பாக்கறேன்." முகாமில் மெக்கானிக் தங்கவேலு அதைக் கேட்டுவிட்டு ஜீப்பை எடுக்கச் சொல்லி ஓடினார்.

இறங்க இடம் கிடைத்தது. அறுவடை முடிந்த ஒரு நீளமான கொல்லை. ஓரத்தில் யாரோ இடத்தைக் காட்டுவதற்கென்றே விரித்து வைத்தது போல ஒரு வெள்ளைத் துணி. அல்லா இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு கேப்டன் விமானத்தைத் தாழ்த்தினார்.

கீழே அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? "வர்றாரு! உங்க தம்பி வர்றாரு டீச்சரம்மா!" என்று வெள்ளையன் கத்தினாராம். (அக்கா டீச்சர் இல்லை. வாத்தியார் பெண்டாட்டி என்பதால் ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.) ஓரமாக நின்றிருந்த பிள்ளைகள் எல்லோரும் சந்தோஷம் தாங்காமல் கொல்லையின் நடுவுக்கு ஓடி, கையை ஆட்டிக்கொண்டு குதித்தார்கள். மாமா தடுக்கவில்லை. அவரும் குதித்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். இறங்கினால் அவர்கள் மேல்தான் இறங்க வேண்டும். இறங்காவிட்டால், உடைந்துகொண்டிருக்கும் இஞ்சினை வைத்துக்கொண்டு எதிரே நிற்கும் மலையைத் தாண்ட வேண்டும். அவர் யோசிக்கவில்லை. முழு வேகம் கொடுத்து மூக்கைத் தூக்கினார். புளியமரங்களின் தலையை உரசாத குறையாக விமானம் போனது. தன் உயிரும் என் உயிரும் அந்த நிமிடத்தில் போய்விட்டதாகவே அவர் முடிவு செய்திருந்தார்.

அப்போது அந்த இஞ்சின் தமிழில் பேசியது.

"போதும்க்கா... வயிறு ரொம்பிடுச்சு..."

கேப்டன் திரும்பி என்னைப் பார்த்தார். தன் ஹெட்செட்டைக் கழற்றினார். இஞ்சின் சிங்கம் போல ஓடிக்கொண்டிருந்தது. மாட்டினார். கர்ர்ர்... கழற்றினார். சிங்கம்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்க்க விமானத்தை வளைத்து அந்தக் கொல்லைக்கு மேலேயே திரும்பக் கொண்டுவந்தார். என் தொடையில் விழுந்த அடியில்தான் நான் விழித்தேன். கண்ணைத் திறந்ததும் நான் கண்டது, கீழே மிக அருகில் அக்காவின் வீடு, வெள்ளைத் துணி, கையாட்டும் பிள்ளைகள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் கேட்காமலேயே இந்த மனிதர் எப்படியோ தெரிந்துகொண்டு, எனக்காக இவ்வளவு கீழே வந்திருக்கிறார்!

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன். "எங்க அக்கா ஊருன்னு யாரு சார் சொன்னாங்க உங்களுக்கு?"

கேப்டன் வயர்லெஸ்ஸை எடுத்து, திரும்பி வருகிறோம் என்று மட்டும் முகாமுக்குச் சொன்னார்.

இறங்கியபோது தங்கவேலு மணல் வாளிகளோடு நின்றிருந்தார். "இஞ்சின் எப்படி இருக்குது சார்?" என்று ஓடி வந்தார். "இஞ்சின் நல்லாக் கீது" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் றெக்கை நிழலில் போய்த் தரையில் உட்கார்ந்தார். நான் எதிரே நின்றேன். நடந்ததைச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பசங்க மேல எறக்கியிருந்தேன்னா இன்னாப்பா ஆயிருக்கும்?" என்றார் கடைசியில்.

நானும் தரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் அங்கே வந்து நின்றதற்குக் காரணமே நான்தான் என்பதையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் பெட்டியைக் கட்டிவிடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது கேப்டன் வேறு ஏதோ யோசனையில் தன் இடது காதைத் தொட்டார்.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. போன தடவை மெடிக்கல் டெஸ்ட்ல டாக்டர் இந்தக் காது மந்தமாக் கீதுன்னாரு. இன்னொரு தடவை அப்படி இருந்தா லைசென்ஸ் போய்டும். பறக்கறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. ராத்திரியெல்லாம் கைக்கடிகாரத்தை இந்தக் காதுல வெச்சு வெச்சுப் பார்ப்பேன்."

நான் அவர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நீதான் கொறட்டைன்னு தெரிஞ்சப்புறம், வலது பக்கத்தைத் தூக்கிட்டு இடது காதால மட்டும் கேட்டேன். நல்லாக் கேட்டுச்சு. விசில் வரைக்கும் கேட்டுச்சு." மெல்லச் சிரித்தார். "இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, அதுக்கப்புறம்தான் உன்னை அடிச்சேன்."

சாயங்காலம் முகாம் வாசலில் ஒரு அழுகைச் சத்தம். அக்காவும் மாமாவும் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருந்தார்கள். விமானம் தலைக்கு மேலே போனபோது அக்கா என்னைப் பார்த்துவிட்டாளாம். ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அப்பிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி, தலை தொங்கிக் கிடந்தேனாம். மலையிலிருந்து வேலூர் வரை அவள் அழுத வாயை மூடவில்லை என்றார் மாமா. நான் தகர டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"உயிரோட கீறியாடா?"

கேப்டன் எழுந்து நின்றார். "அம்மா, உங்க தம்பிக்கு ஒண்ணும் ஆவலை. தூங்கிட்டாரு."

"தூங்கிட்டானா? ப்ளேன்லயா?" அக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவன் தூங்கினா நீங்க எதுக்கு சார் அவ்ளோ கீழ வந்தீங்க?"

கேப்டன் எத்தனையோ ஆபத்துகளைப் பார்த்தவர். அந்தக் கேள்வி வந்ததும் ஒரு அடி பின்வாங்கினார். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "அது... இஞ்சின்னு நெனச்சிட்டேம்மா" என்றார்.

முதலில் மாமாதான் சிரித்தார். அக்கா அழுத கண்ணோடு என் முதுகில் இரண்டு வைத்துவிட்டு, பிறகு அவளும் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகை வந்தது.

என் வேலை போகவில்லை. கோளாறு எதுவும் இல்லை, சத்தத்தைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று பழியில் பாதியைக் கேப்டன் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஆனால் அளவை முடியும்வரை எனக்குக் கொடுக்கப்பட்டது, தலையைப் பிழியும் அந்த முதல் வகை ஹெட்செட். தினமும் தலைவலியோடு இறங்கினேன், ஒரு கோடுகூடத் தவறவில்லை. கேப்டன் மெத்தை வைத்ததையே போட்டுக்கொண்டார். அடுத்த மெடிக்கலில் தேறிவிட்டதாகச் சொல்லி, ஆம்பூர் பிரியாணி வாங்கிக்கொண்டு கலசப்பாக்கத்துக்கே வந்தார். அதற்குப் பிறகும் பல வருடங்கள் பறந்தார்.

எனக்குத்தான் மலைமேல் இருந்த மரியாதை திரும்பி வரவே இல்லை. அன்றைக்குக் கொல்லையில் குதித்த பிள்ளைகள் இப்போது பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இருக்கிறார்கள். மலைக்கு மேலே ஏதாவது விமானம் போகிற சத்தம் கேட்டால், அக்கா வீட்டு வாசலில் யாராவது ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்துச் சொல்வார்: "மெதுவாப் பேசுங்க, ஏழுமலை மாமா தூங்கறாரு." நான் அவர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தாலும் சொல்வார்கள். எல்லோரும் உடனே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.